பணிக்காக ஊர் மாறும் ஆசிரியர்கள் வீடு பார்ப்பது எப்படி? பள்ளிக்குப் பக்கத்திலா, தள்ளியா?

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வெளிநாட்டில் இரண்டு பள்ளிகளிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு நாடு. ஒன்று பெரிய நகரத்தில். சம்பளம் நன்றாக இருக்கிறது, வீட்டுப்படி தனியாகத் தருகிறார்கள், வீட்டை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். இன்னொன்று சிறிய ஊர். சம்பளம் குறைவு, ஆனால் பள்ளி வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ். இன்னும் யாருக்கும் சம்மதம் சொல்லவில்லை என்பதால் ஊர்ப் பெயர்களை இப்போது எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்குக் கணினித் துறை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவருடைய நிறுவனம் ஒத்துக்கொள்ளலாம், உறுதியில்லை. மகள் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

என் கேள்வி இதுதான். இரண்டு ஊரையும் நேரில் பார்க்க வழியில்லை. எந்த ஊர், அந்த ஊருக்குள் எந்தப் பகுதி என்பதை எதை வைத்து முடிவு செய்வது? ஏற்கெனவே இப்படி இடம் மாறியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கணக்கு டீச்சர்:

வாழ்த்துகள் நீலவானம். வீடு, வாடகை எல்லாம் இருக்கட்டும். முதலில் ஆசிரியர் உரிமத்தைப் பாருங்கள். இந்தப் பேச்சில் பலரும் கடைசியாகக் கேட்கிற கேள்வி அதுதான், முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் தருகிறது. கனடாவில் மாகாணங்கள், ஒண்டாரியோவில் அதற்கென்றே ஆசிரியர் கல்லூரி என்ற பெயரில் ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்கல்வி 16 மாநிலங்களின் கையில். ஆஸ்திரேலியாவிலும் பதிவு மாநில அளவில்தான், ஆனால் ஒரு மாநிலப் பதிவை இன்னொன்று ஏற்க அங்கே வழி இருக்கிறது. ஆக, மாநில எல்லை ஓரத்தில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்துப் பள்ளிக்கு மாறுவதற்கே மறுபடி காகித வேலை வரலாம்.

இது ஏன் குடியிருக்கும் இடத்தோடு சேர்ந்தது என்றால், முதல் பள்ளி ஒத்துவராமல் போவது நடக்கும் காரியம். அப்போது அதே வீட்டில் இருந்துகொண்டு வேறு பள்ளிக்குப் போக முடியுமா? பெரிய நகரத்தில் உங்கள் பாடத்துக்கு இன்னும் பல பள்ளிகள் இருக்கும். சிறிய ஊரில் அந்த ஒரே பள்ளிதான் என்றால், வேலை மாறுவது என்றால் ஊர் மாறுவது, மகளின் பள்ளியும் மாறுவது. அந்த இரண்டாவது இடமாற்றத்தின் செலவையும் சேர்த்துத்தான் இரண்டு ஆஃபரையும் ஒப்பிட வேண்டும்.

பழைய அனுபவத்தை எத்தனை வருடமாகக் கணக்கில் எடுப்பார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் பல பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) வெளியில் பார்த்த வருடங்களுக்கு ஒரு உச்சவரம்பு வைத்துத்தான் சம்பளப் படிநிலையில் அமர்த்துகின்றன.

காலைப்பேருந்து:

உரிமம் பற்றி டீச்சர் சொன்னதில் முழு உடன்பாடு. ஊர் முடிவானபிறகு என் வாக்கு பள்ளிக்குப் பக்கத்தில்தான்.

மற்ற அலுவலகங்களில் பத்து நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காரலாம். நமக்கு முதல் பீரியட் மணி அடித்தால் ஒரு வகுப்பு முழுக்கக் காத்திருக்கும், அடுத்த அறையில் இருப்பவர் தன் வகுப்பை விட்டு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதற்றத்தோடு தினமும் கிளம்புவது உடம்பைத் தின்றுவிடும். மாலையில் திருத்த வேண்டிய நோட்டுகளின் கனம் வேறு.

ஃப்ரே, ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் திரட்டிய தரவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தூரமாகப் போய்வருகிறவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ மலிவான வீடோ கிடைத்து, மொத்தத்தில் மனநிறைவு சமமாகிவிடும் என்பதுதான் பொருளியல் சொல்லும் எதிர்பார்ப்பு. அவர்கள் பார்த்ததில் அப்படிச் சமமாகவில்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் நிறைவு குறைந்தது. "தூரம் பரவாயில்லை, வீடு பெரிசு" என்று முடிவெடுக்கும்போது நாம் எல்லோரும் அந்த ஈடு கிடைத்துவிடும் என்று நம்பித்தான் எடுக்கிறோம்.

வரைபடத்தில் நேரம் பார்க்கும்போது வேலை நாளில், பள்ளிக்குக் கிளம்பும் அதே நேரத்தை வைத்துப் பாருங்கள். ஞாயிறு மதியம் காட்டும் நிமிடத்தை நம்பாதீர்கள். திரும்பி வரும் நேரத்தையும் இரண்டு விதமாகப் பாருங்கள்: சாதாரண நாள் ஒன்று, பெற்றோர் சந்திப்பு முடிந்து இரவு கிளம்பும் நாள் இன்னொன்று. இரண்டாவதில் பல இடங்களில் பேருந்தே இருக்காது.

இரவல்பேனா:

நான் மாறுபடுகிறேன். பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வருடம் இருந்தேன். மருந்து வாங்க நின்றால் வரிசையில் ஒரு அம்மா மகனின் காலாண்டு மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பார். துணி காயப்போடும்போது கீழே இருந்து பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் அவர்கள் மேல் அன்பு உண்டு. ஆனால் ஆசிரியை என்கிற வேடத்தைக் கழற்றி வைக்க ஒரு இடம் வேண்டும். அது இல்லாமல் போனபோது எனக்கு வகுப்பில் பொறுமை குறைந்தது. பிறகு ரயிலில் கொஞ்ச நேரம் தள்ளி வீடு மாற்றினேன், அந்த ரயில் நேரமே எனக்கு வேலை முடிந்ததற்கான அடையாளம் ஆனது.

அதனால் பக்கம், தூரம் என்று பார்ப்பதைவிட, உங்கள் பள்ளிக்கு மாணவர்கள் எந்தெந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டு, அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே பாருங்கள். பள்ளிப் பேருந்துகளின் தடங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காலைப்பேருந்து:

இரவல்பேனா, பேருந்துத் தடம் பார்ப்பது அருமையான யோசனை, இதற்கு முன்னால் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது ஒரே ரயிலில், உட்கார்ந்து போகிற பயணம். இரண்டு இடத்தில் வண்டி மாறி, நின்றுகொண்டே போகிற அதே நிமிடங்கள் வேறு. நேரத்தைவிட வண்டி மாறும் எண்ணிக்கை முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு இணைப்பு தவறினால் முதல் பீரியட் போச்சு.

பழைய கரும்பலகை:

ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் பள்ளிக் குவார்ட்டர்ஸ்களிலேயே வாழ்ந்தவன் என்ற முறையில் இரண்டாவது ஆஃபரைப் பற்றிச் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸ் பெரிய வசதி, சந்தேகமில்லை. புது நாட்டில் இறங்கியதும் வீட்டு உரிமையாளரோடு மல்லுக்கட்ட வேண்டாம், சாவி கையில் வரும். உலகம் முழுக்க ஆசிரியர்களை ஈர்க்க இதைச் செய்கிறார்கள். தென் கொரியாவின் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் திட்டத்தில் தங்குமிடம் ஒப்பந்தத்தோடு வருகிறது. கலிஃபோர்னியாவில் டேலி சிட்டியில், வாடகை கட்டுப்படியாகாமல் ஆசிரியர்கள் விட்டுப் போவதைத் தடுக்க அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாவட்டமே தன் நிலத்தில் 122 வீடுகள் கட்டி 2022இல் திறந்தது.

ஆனால் வேலையும் வீடும் ஒரே கையெழுத்தில் இருந்தால், வேலை போகிற அன்றே வீடும் போகிறது. பல நாடுகளில் விசாவும் அதே பள்ளியின் பெயரில் இருக்கும். மூன்றும் ஒரே ஆளின் கையில் என்றால், தலைமையாசிரியரிடம் "இது நியாயமில்லை சார்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வராது. நல்ல நிர்வாகம் இருந்தால் இது ஒருநாளும் உறைக்காது. நிர்வாகம் மாறினால்தான் தெரியும்.

அதனால் கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் முடிந்தால் காலி செய்ய எத்தனை நாள் தருவார்கள்? கோடை விடுமுறையிலும் அங்கேயே இருக்கலாமா? வெளியே வீடு எடுக்க விரும்பினால் அதற்கு ஈடாக வீட்டுப்படி கிடைக்குமா? பெற்றோர் வந்து சில மாதம் தங்க அனுமதி உண்டா? பழுது பார்ப்பது யார் பொறுப்பு? இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று: அது உறைவிடப் பள்ளியா? அப்படியென்றால் அந்த வீட்டோடு விடுதிப் பொறுப்பும் சேர்ந்து வருகிறதா? வளாகத்தில் இருப்பவர் என்பதாலேயே இரவு பதினோரு மணிக்குக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்காகக் கதவு தட்டுவார்கள். நான் அதை மனமாரச் செய்தேன், இன்றும் அந்தப் பிள்ளைகள் பேசுகிறார்கள். ஆனால் சிறு குழந்தையும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவரும் உள்ள வீட்டில் அது வேறு மாதிரி. முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நீலவானம்:

ஐயா, மிக்க நன்றி. அது உறைவிடப் பள்ளிதான். விடுதிப் பொறுப்பு பற்றி இன்டர்வியூவில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆஃபர் லெட்டரில் "பள்ளி கோரும் பிற கடமைகள்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. உங்கள் கேள்விகளை அப்படியே எழுதி இன்று அனுப்புகிறேன்.

நடுவாசல்:

அக்கா, குடும்பத்தோடு போகிறீர்கள் என்பதால் இரண்டு விஷயம்.

கணவருடைய விசா. துணைவர் விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். "வீட்டிலிருந்துதானே, வேறு நாட்டு நிறுவனம்தானே" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உட்கார்ந்து வேலை செய்கிற நாட்டின் சட்டமும் வரியும் பொதுவாக அங்கே பொருந்தும். அவருடைய நிறுவனமும் அந்த நாட்டில் ஊழியர் வைத்துக்கொள்ளத் தயாரா என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஊரைத் தீர்மானித்தது கடைசியில் என் மனைவியின் வேலைதான். பள்ளிகள் எனக்கு மூன்று ஊரில் கிடைத்தன, அவளுடைய துறைக்கு ஒரே ஊரில்தான் வாய்ப்பு இருந்தது. சம்பளம் சற்றுக் குறைந்த பள்ளியை எடுத்தேன், வீட்டில் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அப்புறம் மகளின் பள்ளி. நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியிலேயே அவளுக்கு இடம் கிடைக்கும் என்று தானாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று சேர்க்கை விதி அனுமதிக்கிறது, ஆனால் அந்த ஊழியர் அங்கே இரண்டு வருடமாவது பணியாற்றியிருக்க வேண்டும், அல்லது ஆள் கிடைக்காத பாடத்துக்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். தருவதும் தராததும் பள்ளியின் விருப்பம். இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம்தான் இடத்தை முடிவு செய்யும். அப்போது உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்பதைவிட அவள் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்று தேட வேண்டிவரும். தனியார் பன்னாட்டுப் பள்ளி என்றால் கட்டணச் சலுகை எத்தனை சதவீதம், முதல் வருடமே உண்டா, அதற்கு வரி பிடிப்பார்களா என்று கேளுங்கள். அந்தச் சலுகைத் தொகையைச் சம்பளத்தோடு கூட்டிப் பார்த்தால் குறைந்த சம்பளப் பள்ளி மேலே வந்துவிடுவதும் உண்டு.

வேதியியல் வாத்தியார்:

இங்கிலாந்து பேச்சு வந்ததால் ஒரு தகவல். அங்கே அரசு வகுத்த ஆசிரியர் சம்பளத்தில் நான்கு பகுதிகள் உண்டு: உள் லண்டன், வெளி லண்டன், லண்டன் ஓரம், மீதி இங்கிலாந்து. பள்ளி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சம்பளம். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைக் கேட்க மாட்டார்கள். அதனால் ஓரத்தில் குடியிருந்து உள்ளே போய்ப் பாடம் நடத்துகிறவர்கள் நிறைய. ஆனால் ரயில் பாஸுக்கான செலவை அந்தக் கூடுதல் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும். வரி போக மிஞ்சுவதைத்தான் கழிக்க வேண்டும், மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பான ஊரில் போய் உட்காருவோம்.

வீடு பிடிப்பது பற்றி. புதிய நாட்டில் உங்களுக்குக் கடன் வரலாறு கிடையாது, உள்ளூர் சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டுக்காரர் உத்தரவாதம் தர ஒரு ஆளைக் கேட்பார், அந்த ஆளும் உங்களிடம் இருக்காது. பள்ளி உத்தரவாதக் கடிதம் தருமா என்று ஆஃபர் பேசும்போதே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே வேறு ஊழியருக்குத் தந்திருந்தால் உடனே தருவார்கள்.

பார்க்காத வீட்டுக்கு இணையத்தில் முன்பணம் அனுப்பவே வேண்டாம். படம் அழகாக இருக்கும், சாவி தர ஆள் இருக்காது. முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தற்காலிக இடம் எடுத்து, இறங்கியபிறகு நடந்து பார்த்து அக்ரிமென்ட் போடுங்கள். பள்ளி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே போய்ச் சேர முடிந்தால் நல்லது. பல்கலைக்கழக ஊர் என்றால் இன்னும் முன்னால். பாஸ்டனில் ஏராளமான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1 அன்று மாறும்; ஆசிரியர்கள் வந்து இறங்குவதும் அதே சமயத்தில்தான்.

சின்னச்சாக்பீஸ்:

எல்லோரும் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுகிறீர்கள். தேர்ந்தெடுக்க வழியே இல்லாதவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். ஜப்பானில் 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில், அங்குள்ள பள்ளிகளில் வெளிநாட்டவரை எடுக்கும் துணை ஆசிரியர் வேலைக்கு, விண்ணப்பிக்க இருக்கிறேன். விருப்ப இடம் எழுதலாம், அதையே தருவார்கள் என்ற உறுதி இல்லை. பிரான்சில் புதிதாகத் தேர்வாகும் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பலரை பாரிஸை ஒட்டிய கிரெத்தே, வெர்சாய் கல்வி மண்டலங்களுக்கு அனுப்புகிறார்களாம். அதன்பின் இடமாற்றத்துக்குப் புள்ளி சேர்க்க வேண்டுமாம்.

கணக்கு டீச்சர்:

தம்பி, பிரான்சைப் பற்றிக் கேள்விப்பட்டது சரிதான். கணவனும் மனைவியும் வேறு வேறு ஊரில் இருந்தால் அதற்கும் அங்கே புள்ளி உண்டு.

இடத்தை வேறொருவர் முடிவு செய்யும்போது உங்கள் கையில் இருப்பது கேள்விதான். அந்த இடத்தில் உங்களுக்கு முன்பு இருந்தவரைத் தேடிப் பிடியுங்கள். ஜெட் திட்டத்தில் பல இடங்களில் முன்னவர் இருந்த வீடே அடுத்தவருக்கு வரும், ஆகவே அவரை விட நல்ல வழிகாட்டி கிடையாது. கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா, குளிர்காலத்தில் வீடு எப்படி இருக்கும், ஒரே பள்ளியா பல பள்ளிகளா என்று கேளுங்கள். பல பள்ளி என்றால் "பள்ளிக்குப் பக்கத்தில் வீடு" என்ற பேச்சுக்கே பொருள் இல்லை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு என்றுதான் பார்க்க வேண்டும்.

வேலை நேரத்தையும் விசாரியுங்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (OECD) 2018இல் நடத்திய ஆசிரியர் ஆய்வில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். துணை ஆசிரியருக்கு அவ்வளவு இருக்காது. ஆனால் அப்படி மாலை வெகுநேரம் வரை வேலை இழுக்கும் எந்த நாட்டிலும் தூரத்து வீடு கட்டுப்படியாகாது. இரவல்பேனா சொன்ன ரயில் நேரம் வேலை ஒழுங்கான நேரத்துக்கு முடிகிற பள்ளிக்குத்தான் பொருந்தும்.

இரவல்பேனா:

ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். என் பள்ளி நாலு மணிக்கு முடியும், அந்தச் சலுகை எனக்கு இருந்தது.

நீலவானம், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வடக்கே தள்ளி இருக்கும் நாடு என்றால் குளிர்காலத்தில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். நிலையத்திலிருந்து வீடு வரை அந்த இருட்டில் மகளோடு நடக்கும் வழி எப்படி என்று பாருங்கள். தெருக்காட்சிப் படங்கள் எல்லாம் வெயில் நாளில் எடுத்தவை. அந்தப் பள்ளியிலேயே வேலை பார்க்கும் ஒரு பெண் ஆசிரியரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படி ஒருவருடைய தொடர்பைத் தரப் பள்ளி தயங்கினால், அதையும் கவனத்தில் வையுங்கள்.

நீலவானம்:

அனைவருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இரண்டு பள்ளியிலிருந்தும் பதில் வந்துவிட்டது.

சிறிய ஊர்ப் பள்ளி நேர்மையாகவே எழுதியிருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை விடுதிப் பொறுப்பு, வார இறுதியும் சுழற்சியில் வரும். ஒப்பந்தம் முடிந்தால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். வெளியே வீடு எடுத்தால் படி கிடையாது. அங்கே துணைவர் விசாவில் வேலை செய்ய முடியாது என்பதும் தெரிந்தது, அதுதான் எங்களுக்குப் பெரிய தடை. நகரப் பள்ளி உத்தரவாதக் கடிதம் தருகிறது, மகளுக்கு முதல் வருடமே இடம் உண்டு. அங்கே வேலை பார்க்கும் ஒரு ஆசிரியையோடு நெடுநேரம் பேசினேன். பள்ளிக்கு வண்டி மாறாமல் போகும் ரயில் தடத்தில் இரண்டு பகுதிகளைச் சொன்னார். மாணவர்கள் பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்து வருகிறார்களாம்.

நகரத்துக்கே சம்மதம் எழுதிவிட்டேன். முதலில் தற்காலிக வீடு, அதன்பின் அந்த இரண்டு பகுதிகளையும் பார்ப்போம். உரிமத்துக்கான சான்றிதழ்களை மட்டும் இங்கிருந்தே முடித்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அதற்கு எவ்வளவு முன்னதாக ஆரம்பிக்க வேண்டும்?

வேதியியல் வாத்தியார்:

நல்ல முடிவு. சான்றிதழ் வேலையை இன்றே ஆரம்பித்துவிடுங்கள். போகிற நாடு 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு ஒரு முத்திரையை வைத்து ஏற்பதற்கான ஒப்பந்தம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு நாடும் அதில் இருந்து, ஒன்று சேர்ந்ததற்கு மற்றது ஆட்சேபம் தெரிவிக்காமலும் இருந்தால் ஒரே முத்திரையோடு வேலை முடியும், இல்லாவிட்டால் தூதரகம் வரை போக வேண்டும். சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் அது நடைமுறைக்கு வந்தது, அதனால் இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை அந்த இரண்டு நாட்டுக்கும் நம்ப வேண்டாம்.

பட்டச் சான்றிதழ், கல்வியியல் பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், பழைய பள்ளிகளின் அனுபவச் சான்று, காவல்துறைச் சான்று, திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று இவையெல்லாம் வேண்டியிருக்கும். அனுபவச் சான்றில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகுப்புக்கு, எந்தப் பாடம், முழுநேரமா என்பது எழுதியிருக்க வேண்டும். வெறும் "நன்னடத்தையுடன் பணியாற்றினார்" என்று இருந்தால் சம்பளப் படிநிலைக்கு எடுக்க மாட்டார்கள். காவல்துறைச் சான்றுக்கு மட்டும் காலாவதி உண்டு, அதைக் கடைசியில் வாங்குங்கள்.

நீலவானம்:

என் அனுபவச் சான்று ஒன்றில் பாடத்தின் பெயரே இல்லை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நாளைக்கே பழைய பள்ளிக்குப் போகிறேன். ரொம்ப நன்றி சார்.